மாமி வீட்டு மீட்டர்

9 ஜனவரி 2025, வியாழன்

மாமியின் கரண்ட் பில் இந்தக் குளிருக்கு எகிறிவிட்டது. "கம்பனியை மாத்திவிடு தம்பி, கோயில்ல எல்லாரும் மாத்திட்டினம்" என்றா. லண்டனில் காஸ் இல்லாத பழைய கவுன்சில் ஃபிளாட். சுவரோரம் நிற்பவை ஸ்டோரேஜ் ஹீட்டர்கள். உள்ளே கனத்த கற்கள். கரண்ட் மலிவான இரவு ஏழு மணித்தியாலத்தில் அவை சூடேறி, பகலெல்லாம் அந்தச் சூட்டை விடும். 1978இல் வந்த 'எக்கனமி 7' ஏற்பாடு இது. கோயில்காரர் வீடுகளில் இரவு பகல் எல்லாம் ஒரே விலை போடும் ஒற்றை விலை மீட்டர். கம்பனி மாற்றுவது அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை.

11 ஜனவரி, சனி

மீட்டர் அலுமாரியைத் திறந்தோம். ரேட் 1, ரேட் 2 என்று இரண்டு எண் மாறி மாறி வருகிறது. எது இரவு என்று எங்கும் எழுதவில்லை. மத்தியானம் கேத்தலைப் போட்டுவிட்டு எந்த எண் கூடுகிறது என்று பார்த்தோம்: ரேட் 2. அப்போ அதுதான் பகல். பில்லில் 'S' போட்ட கட்டத்தின் முதல் இரண்டு இலக்கம் 02. எக்கனமி 7 வீட்டின் அடையாளம். சாதாரண வீட்டுக்கு 01.

மீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி: ரேடியோ டெலிசுவிட்ச். பி.பி.சி. ரேடியோ 4 போகிற 198 கிலோஹெர்ட்ஸ் நெட்டலையிலேயே, காதுக்குக் கேட்காத சமிக்ஞை ஒன்றும் ஏறிவந்து இதை முடுக்குகிறது. 1980களில் யாருக்கோ உதித்த கெட்டிக்கார யோசனை. இராவில் 'டக்' என்று கேட்கும் சத்தத்தை இவ்வளவு காலமும் எலி என்று நினைத்தாவாம் மாமி. இந்த ஜூன் 30உடன் அந்தச் சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். பிறகு ஹீட்டர் சூடேறாமலே கிடக்கலாம், அணையாமலே எரியவும் கூடும்.

14 ஜனவரி, செவ்வாய்

புதுக் கம்பனி ஒன்றுக்குப் போன் எடுத்தேன். மீட்டரை மாற்றாமல் சேர்க்க மாட்டார்களாம். 2016இல் பிரித்தானியாவின் 'போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம்' போட்ட உத்தரவைச் சொன்னேன்: 50,000க்கு மேல் வீட்டு வாடிக்கையாளர் உள்ள கம்பனி, இப்படியான மீட்டர்காரருக்கும் தன் ஒற்றை விலைத் திட்டங்களைக் கொடுக்க வேண்டும், மீட்டரை மாற்று என்று நிபந்தனை போடக்கூடாது. மேலதிகாரியிடம் போனை மாற்றினார்கள். நெடுநேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு அவர் இறங்கிவந்தார். யூனிட் 25 பென்ஸ்.

இரவு கணக்குப் போட்டேன். மாமிக்கு இப்போது பகல் யூனிட் 30, இரவு 15. மொத்தப் பாவனையில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இரவில் போனாலே, 25 பென்ஸ் ஒற்றை விலையை விட இதுதான் லாபம். மாமிக்கு இரவில் 55 சதவீதம் போகிறது, சராசரி 21.75 பென்ஸ். வாதாடி வாங்கிய திட்டம் எனக்கு வேண்டுமானால் உதவும், மாமிக்கு உதவாது. சட்டம் கதவைத்தான் திறந்துவிட்டிருக்கிறது. உள்ளே போகலாமா என்பதை ஹீட்டர்தான் சொல்லவேண்டும்.

அதனால் மாமி இரட்டை விலையிலேயே இருக்கட்டும். ஆனால் அந்த ரேடியோ பெட்டி ஜூனுக்குள் போகவேண்டும். முதலில் மீட்டர், பிறகு கம்பனி.

11 பெப்ரவரி, செவ்வாய்

இப்போதிருக்கும் கம்பனியே காசில்லாமல் ஸ்மார்ட் மீட்டர் பூட்டியது. ஹீட்டர்களுக்குத் தனி வயர் போகிறது, ஐந்து முனையுள்ள மீட்டர் வேண்டும் என்று பதியும்போதே சொல்லி வைத்திருந்தேன். வந்த பொடியன் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நல்லகாலம் சொன்னீங்கள் அண்ணை, பாதிப் பேர் சொல்லுறேல்ல" என்றான். தமிழ்ப் பொடியன்தான். மாமி விடுவாவா? வடை, தேத்தண்ணி, எந்த ஊர், அப்பாவின் பேர், எல்லாம் முடிந்துதான் கதவு திறந்தது.

12 பெப்ரவரி, புதன்

காலையில் ஹீட்டரைத் தொட்டுப் பார்த்து மாமி போன் எடுத்தா. சூடு.

24 பெப்ரவரி, திங்கள்

இரட்டை விலைகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டேன். சில கம்பனிகள் இரவு விலையை இறக்கிக் காட்டிவிட்டுப் பகலில் பிடுங்குகின்றன. நாள் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்ததில் ஒன்று தேறியது: பகல் 27, இரவு 13. கொடுத்தாயிற்று. ஐந்து வேலை நாளில் மாறும். மனம் மாறினால் விலக 14 நாள் உண்டு. மாறும் நாளில் இரண்டு எண்ணையும் படமெடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கடைசி பில்லில் சண்டை வந்தால் அந்தப் படம்தான் சாட்சி.

30 மார்ச், ஞாயிறு

இன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியாயிற்று. மீட்டர் தள்ளாது. அது வருடம் முழுக்கக் கிரீன்விச் நேரத்திலேயே நிற்கும். பன்னிரண்டரையிலிருந்து ஏழரை வரை இருந்த மலிவு நேரம் இனிமேல் ஒன்றரையிலிருந்து எட்டரை வரை. மாமிக்கு விளங்கப்படுத்தினேன்.

"அப்ப எழும்பின கையோட உடுப்பும் தோய்ச்சு, புட்டும் அவிச்சிடலாம்" என்றா.