'சீமை' என்ற ஒரு சொல்லால் போன ஒரு வருடம்

எங்கள் கண்மாயில் சீமைக்கருவேலை எடுக்கக் கிராமசபையில் தீர்மானம் போட்டது ஒரு மே 1 அன்று. ஜேசிபி உள்ளே இறங்கியது அடுத்த சித்திரையில். நடுவில் ஒரு வருடம் என்னதான் செய்தீர்கள் என்று ஊரில் இன்னமும் கேட்கிறார்கள். தீர்மானத்தில் 'சீமை' என்ற சொல் விட்டுப்போயிற்று, அதுதான் செய்தது.

செட்டிநாட்டுக் கண்மாய்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டு மரமும் பழக்கம்தான். நாட்டுக்கருவேல், சமூகக் காடுகள் திட்டத்தில் வனத்துறை வைத்தது. வேட்டங்குடி சரணாலயம் மாதிரியே எங்கள் கண்மாயிலும் கொக்கும் நாரையும் அதில்தான் கூடு கட்டும். சீமைக்கருவேல் தானாகப் பரவி வரத்துக்காலையும் மடையையும் அடைத்துக்கொண்டு நிற்பது. பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டால், "கருவேலு ஆட்டுக்கு, சீமை அடுப்புக்கு" என்று ஒரே வரியில் பிரித்துவிடுவார். கோப்பில் பிரிக்கத்தான் ஒரு வருடம் பிடித்தது.

முதல் அலைச்சல், கண்மாய் யாருடையது என்பதில். பெரியவர்கள் எல்லாரும் "அது பொதுப்பணித்துறைக் கண்மாய்ப்பா" என்றார்கள். நம்பி இரண்டு பஸ் மாறி, அந்தக் கண்மாய்களை இப்போது பார்க்கும் நீர்வளத்துறை அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர், பதிவேட்டைத் திறந்தே காட்டினார். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், இருந்தால்தான் அவர்களுடையது. எங்களுடையது அதற்குக் கீழே, ஆகவே ஊராட்சி ஒன்றியக் கண்மாய். ஒரு நாள் போயிற்று. மனு எழுதும் முன் ஆயக்கட்டு எவ்வளவு என்று பாருங்கள். புல எண்ணைப் போட்டால், நிலம் என்ன வகை என்று காட்டும் வருவாய்த்துறை அ-பதிவேட்டின் நகல் இணையத்திலேயே இலவசமாக வரும், அதையும் மனுவோடு சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு அலுவலகத்தில் மனுவும் தீர்மான நகலும் கொடுத்தோம். ஐந்து வாரம் சத்தமே இல்லை. நேரில் போனால், பிரிவில் இருந்தவர் தலை நிமிராமல், "மரம் வெட்ற ஃபைலா? பசுமைக் குழுவுக்குப் போகணும்" என்றார்.

"சார், அது சீமைக்கருவேல்தான்."

"இதுல சீமைன்னு எங்க இருக்கு? நீங்களே காட்டுங்க."

வாங்கிப் பார்த்தேன். 'கண்மாயில் உள்ள கருவேல மரங்களை அகற்ற' என்றுதான் இருந்தது. அதாவது, நாங்கள் காப்பாற்ற நினைத்த மரங்களை வெட்ட நாங்களே அனுமதி கேட்டிருக்கிறோம். அரசு நிலத்து மரம் என்றால் மாவட்டப் பசுமைக் குழு பார்க்காமல் விடமாட்டார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை. ஐந்து வாரத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், அந்த வருத்தம் மட்டும் போகவில்லை.

திருத்தத்துக்கு அடுத்த கிராமசபை வேண்டும், அது ஆகஸ்ட் 15. சிறப்புக் கிராமசபை கூட்டச் சொல்லிக் கேட்கலாம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ஆகஸ்டில் 'சீமைக்கருவேல மரங்களை வேரோடு அகற்றவும், நாட்டுக்கருவேல், பனை ஆகியவற்றை விட்டுவைக்கவும்' என்று நானே எழுதி, எழுத்தர் பதிவேட்டில் ஏற்றும்வரை பக்கத்திலேயே நின்றேன். பனையைச் சேர்த்தது கரையில் நிற்கும் மரங்களுக்காக. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையில் கை வைக்கக் கூடாது, மரத்தை ஏலத்தில் எடுத்து வெட்டுகிற ஏலதாரர் அதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

திரும்பவும் கோப்பு தூங்கியது. இந்தத் தடவை காத்திருக்கவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி: என் மனு இன்று யார் மேசையில் இருக்கிறது? 30 நாள் கெடு. பன்னிரண்டாம் நாளே உத்தரவு வந்துவிட்டது! வந்து என்ன, அதற்குள் ஐப்பசி. கண்மாயில் தண்ணீர் ஏறிவிட்டது, இயந்திரம் இறங்காது. இந்த வேலைக்குப் பங்குனி, சித்திரைதான் காலம். அதிலிருந்து பின்னால் எண்ணி, தை மாதத்துக்குள் காகிதம் எல்லாம் கையில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

வனத்துறையில் ஒரு சிக்கலும் இல்லை. வனவர் வந்து நாட்டு மரங்களை எண்ணிச் சுற்றளவு எடுத்துக்கொண்டு போனார்.

ஏலம் முடிந்து ஆட்கள் வந்தபோது அடுத்த பயம். வெளியூர்க் கரிமூட்டத்து ஆட்கள், வேகமாக வெட்டுகிறவர்கள். முதல் நாள் காலையில் நானும் ஊர்ப் பையன்கள் நாலு பேரும் சுண்ணாம்பு வாளியோடு இறங்கி, நாட்டு மரம் ஒவ்வொன்றுக்கும் இடுப்பளவில் வெள்ளைப் பட்டை அடித்தோம். சந்தேகம் வந்தால் காயைப் பார்த்தோம். நாட்டுக்கருவேலின் காய் மணி கோத்த மாதிரி இடையிடையே நெருக்கிப் பிடித்துச் சாம்பல் பூத்திருக்கும். சீமையின் காய் மஞ்சளாக, அப்படி நெருக்கல் இல்லாமல் நீண்டிருக்கும். பூவென்றால் இன்னும் சுலபம்: நாட்டுக்கு மஞ்சள் உருண்டை, சீமைக்கு நீளக் கதிர். பட்டை போட்ட மரத்தில் ஒன்றுகூடப் போகவில்லை. பட்டை போட மறந்த இளங்கன்றுகள் ஆறு போயின.

ஏல நிபந்தனையில் 'வேரோடு' என்ற சொல் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். சீமையை வெட்டி மட்டும் விட்டால் தூரிலிருந்து பழையபடி கிளம்பும். எங்களுக்கு அந்தச் சொல் இருந்தது. இருந்தும் ஏலதாரர் மேல மூலையில் ஏழு தூரை அப்படியே விட்டுப் போயிருக்கிறார், ஒரு மழைக்கே முழங்கால் உயரம் துளிர்த்துவிட்டது. அதைத் தோண்டி எடுக்கும்வரை அவருடைய வைப்புத்தொகையைத் திருப்பித் தரக் கூடாது என்று மனு கொடுத்திருக்கிறேன். நகலில் தேதியோடு முத்திரையும் வாங்கியாயிற்று.