வேலி போட்டவர்களும் நடந்து போகிறவர்களும்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் காட்டெருமை தெருவில் நிற்பது இன்று யாருக்கும் செய்தியல்ல. விலங்குகளை விரட்டாமல் அவற்றோடு சேர்ந்து வாழப் பழக வேண்டும் என்று பேசுகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அப்படி வாழ்வதன் ஆபத்தை யார் சுமக்கிறார்கள் என்று கேட்காமல் அதைச் சொல்வது நியாயமல்ல.

காட்டெருமைகள் பழகிய தடத்திலேயே போய் வருபவை. அந்தத் தடத்தில் மனை வாங்கியவர் கம்பிவேலி போட்டு பங்களாவோ விடுதியோ கட்டினால் மந்தை திரும்பிப் போய்விடுவதில்லை. வேலியை ஒட்டியே நடந்து, அது முடியும் இடத்தில் கீழே இறங்குகிறது. அந்த இடம் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் வரிசை வீடுகளான லைன் வீடுகளுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையாகவே இருக்கிறது. பனிமூட்டம் கலையும் முன்பே கொழுந்து பறிக்கப் போகிற பெண்ணுக்கு, இடுப்பளவு உயர்ந்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே படுத்திருக்கும் விலங்கு பத்தடி தொலைவு வரும்வரை தெரியாது. திடுக்கிட்டு எழும் காட்டெருமை, ஒதுங்க வழியில்லை என்றால் முட்டிவிட்டுத்தான் ஓடும். வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோ வரை எடை இருக்கும்.

கரடியின் கதையும் இதுதான். கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடிப்பதும், ரேஷன் கடைக்குள் நுழைவதும் அதன் குற்றமாகப் பேசப்படுகின்றன. விடுதிகள் கொட்டும் மிச்ச உணவும், பராமரிப்பில்லாத தோட்டங்களில் மண்டிய உண்ணிச்செடிப் புதரும் பேசப்படுவதில்லை. பிடித்து வேறு காட்டில் விடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காட்டின் ஓரத்திலும் ஏழைகளின் வீடுகள்தான் இருக்கின்றன.

இதே நீலகிரியில் முதுமலையை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. குறுக்கே கட்டியவர்தான் விலக வேண்டும் என்பதை நாடறிய ஏற்கவைத்த தீர்ப்பு அது. குன்னூர்ச் சரிவில் காட்டெருமை இறங்கும் தடங்களைப் பற்றி அதில் பாதி அக்கறைகூட இல்லை. வேலி போடும் முன் தடம் விட வேண்டும். லைன் வீட்டுப் பாதைகளுக்கு விளக்கும், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கழிப்பறையும் வேண்டும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகே பறிப்பைத் தொடங்க வேண்டும். அதனால் குறையும் கொழுந்தின் நட்டத்தைத் தோட்டம்தான் ஏற்க வேண்டுமே தவிர, பறிக்கிறவரின் நாள்கூலியில் பிடிக்கக் கூடாது.