ஒரே மருந்து, இரண்டு டப்பா

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறது எங்கள் வீடு. புரட்டாசி முழுக்கக் கறி, மீன் கிடையாது. அதனால் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அக்கா பீன்ஸ் மீது பழியைப் போட்டாள். நான் தண்ணீர் மீது போட்டேன். அம்மாவுக்கு 81 வயது. மறதி நோய் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பதற்கு மேல் பதில் வராது.

மூன்றாம் நாள் காலை குளியலறை வாசலில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை, கடைவாயில் எச்சில். இரத்த அழுத்தக் கருவியை மாட்டினேன். நாடி 42 என்றது. கருவிதான் பழுது என்று என் கையில் மாட்டிப் பார்த்தேன். எனக்கு 88.

அப்போதுதான் மருந்து டப்பாக்களை மேசையில் கொட்டினேன். இரவில் நான் கொடுப்பது மறதி நோய்க்கான அரிசெப்ட், 10 மில்லிகிராம். காலையில் அக்கா வாரப் பெட்டியிலிருந்து கொடுப்பவற்றில் புதிதாக ஒன்று இருந்தது. போன வாரம் மருந்துக் கடையில் வாங்கியது. வேறு பெயர், வேறு நிறம். அட்டையில் பொடி எழுத்தைப் படித்தால் டோனெபெசில் 10. அரிசெப்டின் பெயருக்குக் கீழேயும் அதே டோனெபெசில்! இந்த நாட்டில் மருந்தாளர் அதே மருந்தின் விலை குறைந்த வேறு தயாரிப்பான ஜெனரிக்கைப் பற்றி வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெண்மணி சொல்லியும் இருக்கிறார். "விலை குறைவு என்றதுதான் காதில் விழுந்தது" என்றாள் அக்கா. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பழைய டப்பாவில் மாத்திரை மீதி இருப்பதை நானும் அவளிடம் சொல்லவில்லையே. ஆறு நாளாக இரண்டு பங்கு.

10177-இல் ஆம்புலன்ஸ் கேட்டுவிட்டு, அது வரும்வரை விஷத் தகவல் உதவி எண்ணை அழைத்தேன். மேற்கு கேப்பிலிருந்து இரவு பகலாக நாடு முழுவதற்கும் பேசுகிறார்கள். வயது, எடை, கடைசி மாத்திரை எப்போது, வேறு என்ன மருந்து என்று வரிசையாகக் கேட்டார் ஒருவர். இரத்த அழுத்தத்துக்கு அட்டினலால் என்றதும் சற்று நிறுத்தினார். அதுவும் நாடியைக் குறைக்கும் மருந்தாம். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், எல்லா டப்பாக்களையும் கையோடு கொண்டு போங்கள் என்றார்.

அவசரப் பிரிவில் இசிஜி எடுத்து, திரையோடு இணைத்தார்கள். இளம் மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் சிதையாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த மருந்தின் வேலை. அளவு மீறினால் குடல், இதயம், வியர்வைச் சுரப்பி எல்லாவற்றிலும் அது கை வைத்துவிடும். பாவம், பீன்ஸ் மீது வீண்பழி.

"நாளைக்கு அழைத்துப் போகலாமா?" என்று கேட்டேன். உடம்பில் இருப்பதில் பாதி வெளியேறவே சுமார் 70 மணி நேரம் ஆகும் என்றார். நாடியை உயர்த்தும் அட்ரோபின் ஊசியைப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தார்கள், தேவைப்படவில்லை. இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தி, சலைன் ஏற்றிக் காத்திருந்ததுதான் வைத்தியம். நான்காம் நாள் நாடி 60-ஐத் தொட்டது. பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் அம்மா சண்டை போட ஆரம்பித்ததும் எனக்கு உயிர் வந்தது.

டோனெபெசிலை மருத்துவர் பிறகு 5 மில்லிகிராமில் மறுபடி தொடங்கினார். இப்போது மாத்திரை கொடுப்பது அக்கா மட்டும். கொடுத்ததும் நாட்காட்டியில் கோடு போடுகிறாள். மீதி இருந்த 11 மாத்திரைகளையும் மருந்துக் கடையிலேயே ஒப்படைத்துவிட்டேன்.