சம்மாட்டியும் கழகமும்: ஒரு மே மாத நாட்குறிப்பு

2025 மே 17, சனிக்கிழமை

நள்ளிரவு பன்னிரண்டே முக்காலுக்குத் தொடங்கிய ஆட்டத்தில் மன்செஸ்டர் யுனைட்டெட் ஒரு கோலால் செல்சியிடம் தோற்றது. இந்தப் பருவகாலத்தில் லீக்கில் இது பதினெட்டாவது தோல்வி. புள்ளிப் பட்டியலில் நாங்கள் பதினாறாம் இடத்தில் நிற்கிறோம். எங்களுக்கு ஒரு படி கீழே நிற்கும் டொட்டன்ஹாமுடன்தான் பில்பாவோ நகரில் யூரோப்பா லீக் இறுதியாட்டம் நடக்கவிருக்கிறது.

மாலையில் திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்துக்கு அருகிலுள்ள தேநீர்க்கடையில் வழமையான ஐந்து பேரும் கூடினோம். ஆட்டத்தைப் பற்றிய பேச்சு கால் மணி நேரத்தில் ஓய்ந்தது. அக்காவின் மகன், “மாமா, பயிற்றுநரை மாத்தி என்ன பிரியோசனம்? கழகத்தை வைச்சிருக்கிற ஆள் ஒழுங்கா வேலை பாக்கிறாரா எண்டு சொல்லுங்கோ” என்று கேட்டதும் பேச்சு அந்தப் பக்கம் திரும்பி, கடை பூட்டும் வரை அங்கேயே நின்றது. கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் முடிவைச் சொல்லும் பொறுப்பை எல்லோருமாக என் தலையில் வைத்துவிட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். யோசிப்பதை எழுதி வைப்பதற்காகவே இந்தக் குறிப்புகளைத் தொடங்குகிறேன்.

2025 மே 19, திங்கட்கிழமை

நேற்று மே 18. நாங்கள் கூடவில்லை, கடையும் திறக்கவில்லை.

இன்று, நாங்கள் எல்லோரும் ‘சேர்’ என்று அழைக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் கிளேசர் குடும்பத்துக்காக வாதாடினார். அவருடைய எண்களில் பிழை இல்லை. அந்தக் குடும்பம் 2005இல் கழகத்தை வாங்கிய பின்னர், 2007 முதல் 2013 வரை ஐந்து முறை பிரீமியர் லீக் கிண்ணம் வந்தது; 2008இல் மொஸ்கோவில் செல்சியை வென்று சம்பியன்ஸ் லீக் கிண்ணமும் வந்தது; 2006இல் ஓல்ட் ட்ரபோர்ட் அரங்கம் விரிவாக்கப்பட்டு 76,000 பேர் அமரும் இடமாயிற்று; பின்னாளில் போக்பாவுக்கு 89 மில்லியன் பவுணும் மக்வயருக்கு 80 மில்லியன் பவுணும் கொட்டிக் கொடுத்தார்கள். “காசு செலவழிக்காத உரிமையாளர் என்று எவரும் சொல்ல முடியாது” என்பது அவர் வாதம்.

யாருடைய காசு என்று நான் கேட்டேன். அதற்குச் சேர் விடை சொல்லவில்லை. விடை அவருக்குத் தெரியாமலும் இல்லை.

கழகம் ஏறத்தாழ 790 மில்லியன் பவுணுக்குக் கைமாறியபோது அதில் பெரும்பகுதி கடனாகப் பெற்ற பணம். வாங்கியவர்கள் அந்தக் கடனில் பெரும்பங்கைத் தங்கள் தோளில் சுமக்காமல் கழகத்தின் மேலேயே ஏற்றி வைத்தார்கள். 1931 முதல் கடன் என்பதையே அறியாதிருந்த கழகம் ஒரே நாளில் கடனாளியாயிற்று. 2010இல் அந்தக் கடனைப் புதிய கடனால் அடைப்பதற்கு ஏறத்தாழ 500 மில்லியன் பவுணுக்குக் கடன் பத்திரம் வெளியிடப்பட்டபோதுதான், நியூட்டன் ஹீத் என்ற கழகத்தின் பழைய பெயரில் ரயில்வே தொழிலாளர்கள் ஆடிய காலத்துப் பச்சையும் பொன்னுமான சால்வைகளை இரசிகர்கள் எதிர்ப்பின் அடையாளமாக அணியத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் ஏசி மிலான் அணிக்காக ஆட வந்த எங்கள் முன்னாள் ஆட்டக்காரர் டேவிட் பெக்கம், ஆட்டம் முடிந்து போகையில் அத்தகைய ஒரு சால்வையைத் தம் கழுத்தில் போட்டுக்கொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

2025 மே 20, செவ்வாய்க்கிழமை

கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வரும் நானா பல ஆண்டுகள் டோகாவில் வேலை செய்தவர். கட்டாரைச் சேர்ந்த ஷேக் ஜாசிம் 2023 ஒக்டோபரில் கழகத்தை வாங்கும் போட்டியிலிருந்து விலகியிராவிட்டால் கடன் முழுவதும் அன்றே தீர்ந்திருக்கும் என்று அவர் நம்புகிறார். தீர்ந்திருக்கக்கூடும். ஆயினும் ஓர் அரச குடும்பத்தின் பணப்பையில் தொங்கும் கழகத்தை எங்கள் கழகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதைச் சொன்னபோது நானா கோபிக்கவில்லை. அபுதாபி அரச குடும்பத்தவரின் கையிலுள்ள மன்செஸ்டர் சிற்றியின் கிண்ணங்களை எண்ணிப் பார்க்குமாறு மட்டும் சொன்னார்.

2025 மே 22, வியாழக்கிழமை

நேற்றிரவு பன்னிரண்டரை மணிக்கு இறுதியாட்டம் பார்க்கச் சேர் வீட்டில் ஒன்பது பேர் கூடியிருந்தோம். இடைவேளைக்குச் சற்று முன்னர், எங்கள் லூக் ஷோவின் உடலில் பட்டுத் தெறித்த பந்தை டொட்டன்ஹாமின் பிரெனன் ஜோன்சன் உள்ளே தள்ளிவிட்டதாக அறிவித்தார்கள். அந்த ஒரு கோல் போதுமானதாயிருந்தது. அடுத்த பருவகாலத்தில் ஐரோப்பியப் போட்டி எதுவும் எங்களுக்கு இல்லை.

கழக நிருவாகமும் இரசிகர்களும் தாம் பொருத்தமானவர் அல்லர் என்று கருதினால் இழப்பீடு எதுவும் கேளாமல் விலகிவிடுவதாகப் பயிற்றுநர் ரூபன் அமோரிம் ஆட்டத்தின் பின்னர் சொன்னார். பணத்தைப் பற்றி இந்தக் கழகத்தில் நெடுங்காலத்தின் பின்னர் நான் கேட்ட நேர்மையான வார்த்தை அது. விடியும் முன்னர் உட்துறைமுக வீதி வழியே நடந்து வீட்டுக்கு வந்தேன். ஒரு மான் கூட்டம் வீதியின் நடுவே படுத்திருந்தது. கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டதால் அந்நேரத்திலும் வெக்கை தணியவில்லை.

2025 மே 24, சனிக்கிழமை

இன்று பேச்சு முழுவதும் கழகத்தின் புதிய பங்காளியான பிரித்தானியச் செல்வந்தர் சேர் ஜிம் ராட்கிளிஃப் பற்றியே நடந்தது. அவரைப் பற்றித்தான் எனக்குள்ளும் இழுபறி.

அவருக்குச் சாதகமானவற்றை முதலில் எழுதுகிறேன். 2024 பெப்ரவரியில் கழகத்தில் கால் பங்குக்கு மேல் வாங்கி, உதைபந்தாட்ட விடயங்களின் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். வாங்கும்போது தம் பணத்தில் 300 மில்லியன் டொலரைக் கழகத்துக்குள்ளேயே வைப்பதற்கு இணங்கினார். இருபது ஆண்டுகளாகக் கிளேசர்கள் செய்யாத காரியம் அது. பயிற்சி நிலையம் 50 மில்லியன் பவுண் செலவில் புதுப்பிக்கப்படுகிறது. 2024 ஜூன் வரையான ஆண்டில் கழகத்தின் நட்டம் 113.2 மில்லியன் பவுண். செலவைக் குறைக்காவிட்டால் இந்த ஆண்டு கிறிஸ்மசுக்குள் கையிருப்பு தீர்ந்திருக்கும் என்று அவர் மார்ச் மாதம் பேட்டியில் சொன்னார். கணக்கேட்டைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் அதை வெறும் பூச்சாண்டி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஆனால் எங்கே குறைத்தார் என்பதைப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு 250 பேர் வேலை இழந்தார்கள். இந்த ஆண்டு மேலும் 200 பேர் வரை போகலாம் என்று பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஓல்ட் ட்ரபோர்ட் ஊழியர்களின் மதியச் சாப்பாடு நிறுத்தப்பட்டு, பழங்கள் மட்டும் வைக்கப்பட்டன. பருவகாலத்தின் நடுவே, சிறுவருக்கும் முதியோருக்கும் சலுகை எதுவுமின்றி, உறுப்பினர் நுழைவுச்சீட்டு 66 பவுண் ஆக்கப்பட்டது. எங்கள் காசில் ஏறத்தாழ 26,000 ரூபா. இவை நடந்த அதே மாதங்களில், 2024 ஜூலையில் ஒப்பந்தம் நீடிக்கப்பட்ட முன்னைய பயிற்றுநர் எரிக் டென் ஹாக்கை ஒக்டோபரில் அனுப்புவதற்கு, அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்குமாக 10.4 மில்லியன் பவுண் கொடுக்கப்பட்டது. ஐந்து மாதமே பணியாற்றிய விளையாட்டுப் பணிப்பாளர் டான் அஷ்வொர்த்துக்கும் சில மில்லியன் போயிற்று. உரிமையாளரின் தவறான தீர்மானத்துக்கான விலையைச் சமையலறையிலிருந்து அறவிட்டால் அதைச் சிக்கனம் என்று எழுத என் பேனை இடம் கொடுக்காது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. முன்னர் நான் கணக்கெழுதிய ஒரு மீனவர் சங்கம் ஓராண்டு நட்டத்தில் விழுந்தபோது, ஐஸ் பெட்டி ஏற்றும் தொழிலாளருக்குக் காலையில் கொடுத்து வந்த தேநீரையும் பணிஸையும் நிருவாகக் குழு நிறுத்தியது. யாரும் பயன்படுத்தாத குளிர் அறை ஒன்றுக்காக வாங்கிய கடனின் வட்டி மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. தேநீரை நிறுத்தியதால் மிஞ்சிய தொகையையும் வட்டித் தொகையையும் ஒரே பக்கத்தில் எழுதியவன் நான். அந்தப் பக்கத்தைக் குழுவின் முன்னே வைத்து ஒரு சொல் பேச அன்று எனக்குத் துணிவு வரவில்லை. மூன்று மாதத்துக்குள் பெட்டி ஏற்றியவர்களில் பாதிப்பேர் வேறிடம் போய்விட்டார்கள்.

கிளேசர்கள் செய்ததை அக்காவின் மகனுக்கு விளங்க வைப்பதற்குக் கரைவலைச் சம்மாட்டியை உதாரணமாகக் காட்டினேன். தோணியும் வலையும் சம்மாட்டியினுடையவை. இழுப்பவர்களுக்குப் பங்கு உண்டு. கடல் ஏமாற்றும் மாதங்களில் அவர்கள் வீட்டு உலை கொதிப்பதற்குச் சம்மாட்டி முற்பணம் கொடுப்பார். அதனால்தான் அந்தச் சொல்லுக்குக் கரையில் மதிப்பு இருந்தது. இனி, ஒருவர் தோணியையே ஈடு வைத்துத் தோணியை வாங்கி, கடனைத் தோணியின் பெயரில் எழுதி, நாள்தோறும் வரும் மீனில் முதற்பங்கை வட்டிக்கென்று எடுத்து, தமக்கும் ஒரு பங்கை ஒதுக்கிக்கொண்ட பின்னரே இழுத்தவர்களுக்குப் பங்கு பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீன் நிறையப் படும் காலத்தில் எவரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். அலெக்ஸ் பெர்குசன் பயிற்றுநராக இருந்தவரை மீன் பட்டது. 2013இல் அவர் கரையேறினார். அதற்குப் பின்னர் வலையில் கிழிசல் தெரியத் தொடங்கியது. கூரை ஒழுகியதும் தெரிந்தது. சென்ற ஆண்டு மே மாதம் ஆர்சனலுடனான ஆட்டத்தன்று ஓல்ட் ட்ரபோர்ட் கூரையிலிருந்து நீர் அருவியாகக் கொட்டியதை உலகமே பார்த்தது.

கடைக்கார அண்ணை இத்தனை நாளும் வாய் திறக்காதவர். “வேலை செய்யிறவன்ர சாப்பாட்டில கை வைச்சால் கடை நிக்காது தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

2025 மே 26, திங்கட்கிழமை

நேற்று கடைசி ஆட்டத்தில் அஸ்டன் வில்லாவை 2-0 என்று வென்றோம். நாற்பத்திரண்டு புள்ளிகள், பதினைந்தாம் இடம். 1974இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய பின்னர் இத்தனை தாழ்வாகக் கழகம் முடித்ததில்லை.

உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்காவின் மகன் வாதிட்டான். ஜேர்மனியில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் கழக உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்ற விதி இருப்பது உண்மை. எனக்கும் அதன்மேல் விருப்பம் உண்டு. ஆயினும் பார்சலோனா உறுப்பினர்களின் கழகமாக இருந்துகொண்டே ஒரு பில்லியன் யூரோவுக்கு மேற்பட்ட கடனில் மூழ்கியது. மறுபுறத்தில், தாய்லாந்திலிருந்து வந்து 2010இல் லெஸ்டர் சிற்றியை வாங்கிய விச்சாய், கழகத்துக்குக் கொடுத்த கடனைப் பங்காக மாற்றி, 2016இல் பிரீமியர் லீக் கிண்ணத்தையும் கண்டார். இரண்டு ஆண்டுகளின் பின்னர் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தபோது அந்த நகரத்தவர் அரங்க வாசலில் பூக்களைக் குவித்தார்கள். ஆகவே உரிமை எவரிடம் இருக்கிறது என்பதுடன், இழப்பு வரும்போது முதலில் எவருடைய பையில் கை போகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

எங்கள் கழகத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நியூட்டன் ஹீத்தை 1902இல் மீட்டவர் மதுபான உற்பத்தியாளர் ஜோன் ஹென்றி டேவிஸ். 1910இல் திறக்கப்பட்ட ஓல்ட் ட்ரபோர்ட் அவருடைய பணத்தில் எழுந்தது. 1931 டிசம்பரில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கவும் வழியில்லாமல் கழகம் நின்றபோது, ஜேம்ஸ் கிப்சன் என்ற வணிகர் 2,000 பவுண் கொடுத்தார். கிறிஸ்மசுக்கு முன்னர் சம்பளம் கொடுபட்டது. சென்ற டிசம்பரில் ஊழியர்களின் 100 பவுண் கிறிஸ்மஸ் கொடுப்பனவு 40 பவுண் பற்றுச்சீட்டாகச் சுருங்கியது என்ற செய்தியைப் படித்தபோது எனக்குக் கிப்சன்தான் நினைவுக்கு வந்தார்.

எனவே இன்று என் முடிவைச் சொல்லிவிட்டேன். கிளேசர்கள் நல்ல உரிமையாளர்கள் அல்லர். கிண்ணங்கள் பெர்குசனுடையவை, கடன்தான் அவர்களுடையது. ராட்கிளிஃப் நோயைச் சரியாக அறிந்துகொண்டவர். மருந்தை மட்டும் தவறான ஆளுக்குக் கொடுத்துவிட்டார். சேர் முதற்பாதியை ஏற்கவில்லை. பெர்குசனைக் குறுக்கிடாமல் விட்டதும் உரிமையாளரின் நல்ல வேலையே என்றார். அதில் நியாயம் இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

2025 மே 29, வியாழக்கிழமை

பருவகாலம் முடிந்த மூன்றாம் நாளே அணி கோலாலம்பூரில் ஆடியது. தென்கிழக்காசிய நட்சத்திர அணியிடம் ஒரு கோலால் தோற்றது. 72,000 பேருக்கு மேல் காசு கொடுத்துப் பார்க்க வந்த அரங்கம் அது. அவர்களே கடைசியில் கூவி எதிர்ப்பைக் காட்டினார்கள். களைத்த ஆட்டக்காரரை இப்படி இழுத்துச் சென்றது பணத்துக்காக என்பதை யாரும் மறைக்கவில்லை. ஓல்ட் ட்ரபோர்ட் வாசலை ஒருநாளும் மிதிக்காத நானா, இந்த ஆசிய ஆட்டங்களில் உரிமையாளர் எண்ணுவது எங்களைப் போன்றவர்களைத்தான் என்றும், அதனால் கணக்குக் கேட்கும் உரிமை எங்களுக்கும் உண்டு என்றும் சொன்னார். இம்முறை ஐந்து பேரும் ஒரே பக்கம் நின்றோம்.

கழகத்தின் பங்குகள் 2012 முதல் நியூயோர்க் பங்குச் சந்தையில் இருப்பதால் அதன் காலாண்டுக் கணக்குகள் எவரும் படிக்கும்படி வெளியாகின்றன. அடுத்த கணக்கு ஜூன் மாதத்தில் வரும். அக்காவின் மகன் அதை இறக்கி அச்செடுத்துத் தருவான். வட்டி, பதவி நீக்க இழப்பீடு, ஊழியர் சம்பளம் ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, கடையின் மேசையில் எல்லோர் முன்னிலையிலும் நான் விரித்து வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.