நிச்சயமா ஓ பாசிட்டிவ்தான் சார்

ரத்த வங்கி கவுன்டரில் உட்கார்ந்தால் ஓயாமல் காதில் விழும் வார்த்தை 'நிச்சயமா'. "தம்பிக்கு ஓ பாசிட்டிவ்தான் சார், நிச்சயமாத் தெரியும், எத்தனையோ தடவை ரத்தம் கொடுத்திருக்கான்" என்பார் அண்ணன். ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டுபவர்களும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அதை வைத்து நாங்கள் ரத்தப் பையை எடுப்பதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் ஆள் கிடக்கும்போது இது அவர்களுக்குக் கோபமூட்டும், அந்தக் கோபம் நியாயமானதும்கூட.

ரத்த வகையை இரண்டு பக்கமாகப் பார்க்க வேண்டும். நோயாளியின் சிவப்பணுக்களை நீல ஆன்டி-ஏ, மஞ்சள் ஆன்டி-பி சோதனை மருந்துகளோடு கலந்து, அணுக்கள் திரள்கின்றனவா என்று பார்ப்பது ஒன்று. அவருடைய சீரத்தை, அதாவது ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரை, வகை தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களோடு கலப்பது இன்னொன்று. முதலாவதோடு நிறுத்தினால் பம்பாய் வகை என்ற அபூர்வ ரத்த வகை கண்ணில் படாமலே போய்விடும். 1952-ல் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் பம்பாயில் கண்டுபிடித்தது அது. நீலத்திலும் மஞ்சளிலும் திரளாது, அச்சு அசல் ஓ. ஆனால் சீரத்தில் ஓ அணுக்களைச் சேர்த்ததும் குழாயின் அடியில் சிவப்பாகத் திரண்டு நிற்கும். ஓ ரத்தத்தில் நிறைய இருக்கிற ஹெச் ஆன்டிஜென் என்ற, சிவப்பணுவின் மேலிருக்கும் அடையாளப் பொருள் இவர்களிடம் இல்லை; இவர்கள் சீரம் அதை அந்நியமாக நினைத்துத் தாக்கும். அதனால் ஓ ரத்தம் ஏற்றினாலே உயிருக்கு ஆபத்து. நம் நாட்டில் சுமார் 10,000 பேரில் ஒருவர் இப்படி இருப்பார் என்கிறார்கள். அவர் வீட்டிலும் "ஓதான், நிச்சயம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

பை வார்டுக்குப் போன பிறகும் இதே கதைதான். "நீங்க முருகன்தானே?" என்று கேட்டால் அரை மயக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் "ம்" என்பார். "உங்க பேர் சொல்லுங்க" என்று கேட்கிற சிஸ்டரைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. பையின் எண்ணை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் ஃபாரத்தில் பார்க்க வேண்டும். ஏற்ற ஆரம்பித்த முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஏனென்றால் மோசமான ஒவ்வாமை பெரும்பாலும் அப்போதே தலைகாட்டும்.

எல்லாம் முடிந்து நாங்கள் ரிப்போர்ட்டில் எழுதுவது 'கம்பாட்டிபிள்' என்றுதான். இந்தப் பை இந்த ஆளுக்கு, இந்த சாம்பிளில் பொருந்தியது, அவ்வளவே. உயிர் போகிற அவசரம் என்றால் டாக்டர் கையெழுத்துப் போட்டு, பை ரத்தத்தை நோயாளியின் சாம்பிளோடு சேர்த்துப் பார்க்கும் கிராஸ்மேட்ச் முடிவதற்கு முன்பே ஓ ரத்தம் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அப்போதும் சாம்பிளை வாங்கி வைத்து இங்கே சோதனை ஓடிக்கொண்டேதான் இருக்கும். பொருந்தவில்லை என்றால் அடுத்த நொடி வார்டுக்கு போன் போகும்.