பெடல் குறிப்புகள்: 16 வோல்ட்டா, 25 வோல்ட்டா?

8 ஜூன் 2025, ஞாயிறு

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடலை நானே கட்டுவதற்காக, மின்தேக்கிகளின் (கெப்பாசிட்டர்) பட்டியலை எழுத உட்கார்ந்தேன். சுற்றுப்படத்தில் மின்தேக்கியின் கொள்ளளவான மைக்ரோஃபாரட் அளவு மட்டுமே இருக்கிறது. எத்தனை வோல்ட் என்பதை வரைந்தவர் கட்டுபவரின் பொறுப்பில் விட்டுவிட்டார். உறையில் அச்சிட்டிருக்கும் வோல்ட், அந்தத் துண்டு தாங்கக்கூடிய உச்சவரம்பே தவிர அது தருகிற மின்னழுத்தம் அன்று. ஆகவே 9 வோல்ட் சுற்றில் 63 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் வகை மின்தேக்கியை வைத்தால் ஒலி கனத்துவிடும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

10 ஜூன், செவ்வாய்

புதிய 9 வோல்ட் பேட்டரி மல்டிமீட்டரில் 9.5 காட்டியது. அலமாரியில் கிடந்த பழைய அடாப்டரின் மேலும் 9 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கிறது, அளந்தால் 14.2. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் டயோடுகளும் மட்டுமே உள்ள, மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத அடாப்டர் அது. முழுச் சுமையை இழுக்கும்போதுதான் அது 9 வோல்ட்டுக்கு இறங்கும். சில மில்லியாம்பியர் மட்டுமே கேட்கும் பெடலுக்கு ஏறக்குறைய 14 வோல்ட்டையே கொடுக்கும். 10 வோல்ட் மின்தேக்கியை இன்றோடு பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மின்வழங்கலை வடிகட்டும் 100 மைக்ரோஃபாரட்டுக்கு 16 வோல்ட்டும் விளிம்பில்தான் நிற்கிறது. யாராவது 18 வோல்ட்டைச் செருகினால் அதுவும் போதாது என்பதால் 25 என்று எழுதிக்கொண்டேன்.

14 ஜூன், சனி

மின்னணுப் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வந்தேன். "63 வோல்ட்டாவே எடுத்துக்கோங்க சார், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றார் கடைக்காரர். ஆனால் அதே 100 மைக்ரோஃபாரட்டில் 63 வோல்ட் துண்டு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பருமனாக இருந்தது. சிறிய அலுமினியப் பெட்டியில் அது குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் முட்டும். 25 வோல்ட்டையே வாங்கினேன். ஃபிலிம் வகை மின்தேக்கிகளில் இந்தத் தலைவலி இல்லை, கிடைப்பவை பெரும்பாலும் 63 அல்லது 100 வோல்ட். கால்களின் இடைவெளி பலகையின் 5 மில்லிமீட்டர் துளைகளுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

15 ஜூன், ஞாயிறு

பெடலை இயக்கி, ஒவ்வொரு மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் இடையே அளந்தேன். வெளியீட்டில் உள்ள 10 மைக்ரோஃபாரட்டின் ஒரு பக்கம் மின்வழங்கலின் பாதி மின்னழுத்தமான சுமார் 4.5 வோல்ட், மறுபக்கம் சுழி. அதற்கு 16 வோல்ட் தாராளம். பாதி மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் 47 மைக்ரோஃபாரட்டுக்கும் அதுவே கணக்கு. வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் பின்னூட்டப் பாதையில் டயோடுகளோடு இணையாக இருக்கும் 51 பிக்கோஃபாரட்டின் நிலை இன்னும் வேடிக்கையானது: சுமார் 0.6 வோல்ட்டிலேயே டயோடுகள் கடத்தத் தொடங்கிவிடுவதால், 50 வோல்ட் என்ற தகுதியோடு வந்த அந்தச் செராமிக் துண்டு வாழ்நாள் முழுவதும் அதற்கு அதிகம் மேலே போகாது.

21 ஜூன், சனி

அடுத்த பெடலில் 9 வோல்ட்டை ஏறக்குறைய 18 ஆக்கும் சார்ஜ் பம்ப் என்ற சுற்று உண்டு. அதன் வெளியீட்டில் 16 வோல்ட் மின்தேக்கி கூடாது என்பது தெளிவு. 25 வைத்தால் கவலை தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தரவுத்தாளைப் புரட்டியபோது, அந்த வேலைக்காகக் கையில் இருக்கும் மேக்ஸ் 1044 சில்லின் உள்ளீட்டு வரம்பே 10 வோல்ட் என்று தெரிந்தது. அதே வேலையைச் செய்யும் ஐசிஎல் 7660எஸ் 12 வரை தாங்கும். அந்தப் பழைய அடாப்டரைச் செருகியிருந்தால் மின்தேக்கிகள் எல்லாம் பத்திரமாக இருக்க, சில்லு மட்டும் முதலில் போயிருக்கும். ரெகுலேட்டர் உள்ள அடாப்டர் ஒன்றை வாங்கி வந்து அளந்தேன்: 9.1 வோல்ட். பழையதன் வயரை நறுக்கிவிட்டேன்.