நாற்காலியில் கேட்ட வலி: முழங்கால் மாற்றிய முன்னாள் படைவீரர்களைப் பின்தொடர்வது

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை (வி.ஏ.) மருத்துவமனைகளில் 1999 முதல், ரத்த அழுத்தம், நாடித்துடிப்போடு சேர்த்து வலியையும் 0 முதல் 10 வரை எண்ணாகக் கேட்டு எழுதுகிறார்கள். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரிடம் இந்தக் கேள்வி மட்டும் போதாது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், வலி குறைவாக இருக்கிறது, "மூன்று" என்கிறார். படி இறங்கும்போது ஏழாக இருக்கலாம், இரவில் புரண்டு படுக்கும்போது எட்டாக இருக்கலாம். வலியை வெளியே சொல்லாமல் இருந்தே பழகிய மனிதர்கள் இவர்கள். ஆகவே ஓய்வில் எவ்வளவு, நடையில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். படைவீரர்களுக்கென்றே உருவான டி.வி.பி.ஆர்.எஸ். அளவுகோல் இங்கே நன்றாக உதவும். அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு விளக்கம் உண்டு: 4 என்றால் வலி கவனத்தைச் சிதறடிக்கிறது, ஆனாலும் வழக்கமான வேலைகளைச் செய்ய முடிகிறது, 6 என்றால் அந்த வேலைகளையே தவிர்க்க வேண்டியிருக்கிறது. கூடவே நடமாட்டம், தூக்கம், மனநிலை, மன அழுத்தம் பற்றி நான்கு கேள்விகள். "சமாளிச்சுக்குவேன்" என்பவரின் உண்மை நிலை பெரும்பாலும் தூக்கம் பற்றிய கேள்வியில்தான் வெளிப்படுகிறது.

முழங்காலுக்கென்று உள்ள கேள்வித்தாள் கூஸ். மொத்தம் 42 கேள்விகள்: வலிக்கு 9, அறிகுறிகளுக்கு 7, அன்றாட வேலைகளுக்கு 17, விளையாட்டுக்கு 5, வாழ்க்கைத் தரத்துக்கு 4. ஒவ்வொன்றுக்கும் 0 (தொல்லை இல்லை) முதல் 4 (மிகக் கடுமை) வரை. கணக்கு எளிது. வலிப் பகுதியின் ஒன்பது விடைகளின் கூட்டல் 27 என்றால் சராசரி 3. அதை 25ஆல் பெருக்கி 100இலிருந்து கழித்தால் மதிப்பெண் 25. ஓராண்டு கழித்துக் கூட்டல் 9 ஆகியிருந்தால் மதிப்பெண் 75. இதில் 100 என்பது தொல்லையே இல்லாத முழங்கால். வலி அளவுகோலில் எண் கூடினால் மோசம், கூஸில் எண் கூடினால் நல்லது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு, ஏறும் கோட்டைத் தவறாகப் படிப்பது அடிக்கடி நடக்கிறது. ஒரு பகுதியில் பாதிக் கேள்விகளுக்காவது விடை இருந்தால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் கணக்கிடலாம். குதிப்பது, மண்டியிடுவது பற்றிய கேள்விகளை எழுபது வயதுக்காரர்கள் வெறுமனே விட்டுவிடுவார்கள். வேலைப்பளு மிகுந்த இடங்களில் ஏழே கேள்விகள் கொண்ட அதன் சுருக்க வடிவமான கூஸ் ஜே.ஆர். போதும். ஆனால் ஏழுக்கும் விடை வேண்டும். கூட்டலை அதற்குரிய அட்டவணையில் பார்த்துத்தான் மதிப்பெண்ணாக மாற்ற வேண்டும்.

அறுவைக்கு முந்தைய மதிப்பெண் இல்லையென்றால் பிறகு எடுக்கும் எதற்கும் பொருளில்லை. 60 என்பது 25இலிருந்து ஏறி வந்த 60ஆ, 55இலிருந்து வந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிறகு நினைவிலிருந்து கேட்டு நிரப்பினால், இன்றைய நிலை அந்த நினைவைத் திரித்துவிடும். முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வகுத்திருக்கும் கால எல்லை இங்கும் நல்ல வழிகாட்டி: அறுவைக்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஒரு முறை, பின்னர் 300 முதல் 425 நாட்களுக்குள் ஒரு முறை. இடையில் ஆறாவது வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதத்திலும் கேட்பது நல்லது.

ஒட்டுமொத்த வாழ்க்கைத் தரத்துக்கு வி.ஆர்-12 என்ற பன்னிரண்டு கேள்விகள் கொண்ட தாள். உடல், மனம் என இரண்டு மதிப்பெண்கள் தரும்; அமெரிக்கப் பொதுமக்களின் சராசரி 50. இது கடந்த நான்கு வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. அறுவை முடிந்த இரண்டாவது வாரத்தில் கொடுத்தால், அந்த நான்கு வாரத்தில் பாதி பழைய முழங்காலோடு கழிந்தது. கூஸ் கேட்பதோ கடந்த ஒரு வாரத்தை. இன்னொரு சிக்கல்: வி.ஆர்-12க்கு வலது இடது தெரியாது. மாற்றிய கால் நன்றாக இருந்தும் மறு முழங்காலோ இடுப்போ முதுகோ வலித்தால் உடல் மதிப்பெண் எழவே எழாது. அதனால் மறுகால் வலியையும் முதுகுவலியையும் தனித்தனியே கேட்டுப் பதிய வேண்டும். ஓராண்டுக்குள் இரண்டாவது காலையும் மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. கேள்வித்தாளின் தலைப்பில் எந்தக் கால் என்று எழுதாவிட்டால் அந்தத் தரவு முழுக்க வீண்.

ஒற்றை எண்ணைவிடக் கோட்டின் போக்குதான் முக்கியம். ஆறு வாரத்தில் நன்றாக இறங்கிய வலி மறுபடி ஏறினால், அதுவும் ஓய்விலும் இரவிலும் வலித்தால், கிருமித்தொற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்ப்பது. எழுந்து முதல் சில அடி வைக்கும்போது மட்டும் வலி என்றால் மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலி குறைந்தும் ஆறாவது வாரத்தில் கால் 90 பாகைகூட மடங்கவில்லையென்றால் இறுக்கம். மயக்கம் கொடுத்து மடக்கிவிடுவதானால் பன்னிரண்டு வாரத்துக்குள் செய்வதே பலன் தரும். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போவது தோல் நரம்பு வெட்டுப்படுவதால். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தேவையில்லாத பயம் இல்லை.

முழங்கால் மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி கிடைப்பதில்லை. மனச்சோர்வு, அறுவைக்கு முன்பே ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) மாத்திரைப் பழக்கம், வலியைப் பற்றிய மிகையான அச்சம் ஆகியவை இருந்தால் வலி நீடிக்கும் வாய்ப்பு கூடுதல். படைவீரர்களிடம் போர்க்கால மன அதிர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. இவற்றை அறுவைக்கு முன்பே பதிந்து வைப்பது அவரைத் தவிர்ப்பதற்காக இல்லை. யாரைச் சீக்கிரம் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

இவர்களுக்கே உரிய ஒரு தயக்கமும் உண்டு. படைப்பணியால் கெட்டதென்று ஏற்கப்பட்ட முழங்காலை மாற்றினால் 100 சதவீத ஊன மதிப்பு தருகிறார்கள்; கிடைக்கும் உதவித்தொகை இதைப் பொறுத்தது. முன்பு அது ஓராண்டு. 2021 பிப்ரவரி 7 முதல் நான்கு மாதம். பிறகு குறைந்தது 30 சதவீதம், கடும் வலியோ பலவீனமோ நீடித்தால் 60. மூன்றாம் மாத, ஆறாம் மாதக் கேள்வித்தாள்கள் இந்த மாற்றத்தை ஒட்டியே வருகின்றன. நன்றாக இருக்கிறது என்று எழுதினால் தொகை குறையுமோ என்ற அச்சம் நியாயமானது. மதிப்பீட்டின்போது சிகிச்சைப் பதிவேடுகளும் பார்க்கப்படுவதால், "இதை யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. இந்த விடைகள் சிகிச்சையை மாற்ற எப்படிப் பயன்படும் என்று விளக்கி, உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லலாம். படி ஏறுவது, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்புவது போன்ற நேரடிச் சோதனைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முரண் இருந்தால் தெரியும்.

வி.ஏ. செலவில் வெளியே சிகிச்சை பெறுவதை விரிவாக்கிய 2018 மிஷன் சட்டத்துக்குப் பிறகு பலர் வெளி மருத்துவமனைகளில் அறுவை செய்துகொள்கிறார்கள். அவர்களின் முதல் மதிப்பெண் பெரும்பாலும் வி.ஏ. பதிவேட்டில் இருக்காது. பரிந்துரைக் கடிதம் போகும் அன்றே கேள்வித்தாளை நிரப்பி வாங்கி வைப்பது நல்லது; அறுவை 90 நாளைத் தாண்டித் தள்ளிப்போனால் மறுபடி வாங்க வேண்டும். பதில் வராதவர்களைத் தொலைபேசியில் பிடிக்கலாம். ஆனால் குரலில் கேட்கும்போது, குறிப்பாக மனநலக் கேள்விகளுக்கு, தாளில் எழுதுவதைவிட நல்லபடியாகவே பதில் வரும். எந்த வழியில் வாங்கிய விடை என்பதையும், நிரப்பியது அவரா மனைவியா என்பதையும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும்.